கடமான் காத்திருக்கிறது

முண்டந்துறைக் காட்டுக்குள் எங்கள் சுற்றுலா பஸ் பைய ஊர்கிறது. வழிகாட்டித் தம்பி உதட்டில் விரலை வைத்து, "யாரும் பேசக்கூடாது. சத்தம் கேட்டா மிருகம் ஒண்ணும் வெளிய வராது" என்கிறார்.

முன் சீட்டு ஜவுளிக்கடை அண்ணாச்சியால் தாங்க முடியவில்லை. "தம்பிக்கு எந்த ஊரு?"

"விக்கிரமசிங்கபுரம், அண்ணாச்சி."

"அங்கன யாரு மவன்?"

தம்பி கிசுகிசுப்பாக அப்பா பேரைச் சொல்கிறார்.

"ஏலே, நம்ம சொந்தக்காரப் பயலா நீ! கல்யாணம் ஆயிட்டா?"

பஸ்ஸே எழுந்து அவரைச் சூழ்கிறது. ஆளுக்கொரு பெண் சொல்கிறார்கள். தம்பி ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "கடமான்! கடமான்!" என்று கத்துகிறார்.

"அது நிக்கட்டும்லே. நீ பதிலைச் சொல்லு."

நான் மட்டும் திரும்பிப் பார்க்கிறேன். பாதையோரம் கடமான் காதை விடைத்துக்கொண்டு நிற்கிறது. பதில் தெரியாமல் கிளம்ப அதற்கும் மனசில்லை போலிருக்கிறது.