ஜெசிந்தா அக்காவின் ஜூலை மாதப் பந்து

ஜெசிந்தா அக்கா போய்விட்டார்.

காலையில் லண்டன் ஹவுன்ஸ்லோ பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவருடைய கணவர் அன்ரனி அண்ணையின் போன். "ஜெசி போயிட்டா பிள்ளை... அமைதியாத்தான் போனவ" என்றார். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஏர்போர்ட் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு செய்து அனுப்பும் ஒரு பெரிய கிச்சன். லைனில் அக்கா எனக்குப் பக்கத்து ஆள். அவர் மன்னார், நான் யாழ்ப்பாணம்.

எங்கள் சூப்பர்வைசர் கிரெக் ஒரு கனடாக்காரன். பேஸ்போல் பைத்தியம். கிச்சன் ஆட்களை வைத்து ஒரு சொப்ட்போல் டீம் தொடங்கினான். பேஸ்போலின் தங்கை மாதிரி ஒரு விளையாட்டு, பந்து கொஞ்சம் பெரிது, கையைக் கீழால் கொண்டுவந்து வீச வேண்டும். ஆணும் பெண்ணும் கலந்து ஆட வேண்டும் என்பது விதி. பெண்கள்தான் கிடைக்கவில்லை.

"பள்ளிக்கூடத்தில எல்லே விளையாடினனான். பந்து போட எனக்கு ஏலும்" என்று அக்கா கையைத் தூக்கினார். எல்லே என்பது எங்கள் நாட்டு மட்டைப்பந்து. தூக்கின கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அவர் பிட்சர், பந்து போடுபவர். நான் கேட்சர்... விக்கெட் கீப்பர் மாதிரி, அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருக்கும் வேலை.

புதன்கிழமை பின்னேரம் ஷிப்ட் முடிய நேரே பார்க்குக்கு. ஏர்போர்ட்டில் வேலை செய்யும் மற்ற ஆட்களின் டீம்களோடு மட்ச். சல்வாருக்கு மேலே அன்ரனி அண்ணையின் ஸ்வெட்டர், காலில் வெள்ளைச் சப்பாத்து. அதுதான் எங்கள் பிட்சர்.

மே மாதம் அவர் போட்ட பந்துகள் இருக்கிறதே... அடிப்பவனின் தலைக்கு மேலே எழும்பி, "அடி பாப்பம்" என்று கேட்பது போல மெதுவாக இறங்கும். பெரிய பெரிய ஆம்பிளைகள் முழுப் பலத்தோடு அடிப்பார்கள். பந்து நேரே வானத்துக்குப் போய், எங்கள் ஆட்களின் கையில் வந்து விழும்.

ஜூன் முடியும்வரை எங்களை ஒருவராலும் அசைக்க முடியவில்லை.

ஜூலையில் எல்லாம் குழம்பியது. பந்து ஒன்று முன்னால் விழும், அடுத்தது என் தலைக்கு மேலால் போகும். நாலு பந்து பிழையாகப் போனால் அடிப்பவர் சும்மாவே முதல் பேஸுக்குப் போகலாம். எதிர் டீம்காரர்கள் அடிக்காமலே சிரித்துக்கொண்டு நடந்தார்கள்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மற்ற டீம்கள் ஜெஸ்ஸின் பந்தைப் படித்துவிட்டன என்றான் கிரெக். வெயில் கண்ணில் படுகிறது என்றார் ஸ்டோர்கீப்பர்.

"நாவூறுதான், ஆரோ கண் வைச்சிட்டினம். வேறொண்டுமில்லை" என்றார் அன்ரனி அண்ணை.



ஒரு நாள் டீ பிரேக்கில் அக்கா தன் ஃபிளாஸ்க்கை என்னிடம் நீட்டினார். "இதை ஒருக்காத் திறந்து தா பிள்ளை."

"கையில என்னக்கா?"

"ஒண்டுமில்லை."

"காட்டுங்கோ."

வலது பெருவிரலின் அடி வீங்கிச் சிவந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கோடையில் அக்காவுக்கு மூடி வேலை. சாப்பாட்டுப் பெட்டியின் ஃபொயில் ஓரத்தைப் பெருவிரலால் மடித்து அமத்த வேண்டும். ஜூலை வந்தால் ஸ்கூல் ஹொலிடே, எல்லா விமானமும் நிரம்பி வழியும். பெட்டிகளுக்கு முடிவே இருக்காது.

"விடிஞ்சதில இருந்து அமத்திறன். பின்னேரம் பந்தைப் பிடிச்சா விரல் சொல்லுக் கேக்குதில்லை."

"கிரெக்கிட்டச் சொல்லுறதுதானே?"

"சொன்னா லைனில இருந்தும் எடுப்பான், டீமில இருந்தும் எடுப்பான். வேலை எண்டால் வேற தேடலாம்... புதன்கிழமைக்கு நான் எங்க போறது?"

கண் கலங்கியிருந்தது. அவர் அப்படி நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் அவரைக் கையோடு கிரெக்கின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அடுத்த மட்ச்சுக்கு ஒரு வான் டிரைவரைப் பந்து போடச் சொல்லி ஏற்கனவே பேசிவைத்திருந்தான்.

என் ஆங்கிலம் அப்போது அரைகுறை. அக்காவின் கையைத் தூக்கிப் பெருவிரலைக் காட்டி, "திஸ் இஸ் ஃபொயில். நோ தம், நோ பிட்ச்" என்றேன்.

கிரெக் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் சிவந்துவிட்டது.

அடுத்த நாளே மூடி வேலை லைனில் எல்லோருக்கும் மாறி மாறி வந்தது. கை நோவு என்று மட்டும் சொல்லியிருந்தால் இவ்வளவு கெதியாக நடந்திருக்குமா தெரியாது. நோவு பிட்சரின் கைக்கு அல்லவா!

ஆனால் வீக்கம் உடனே வற்றவில்லை. அக்கா பெருவிரலே படாமல், பந்தை விரல் நுனிகளில் ஏந்திப் போடப் பழகினார். பந்து சுழலாது... குடித்து வெறித்தவன் ரோட்டில் நடப்பது போல அங்கும் இங்கும் ஆடிக்கொண்டு வரும். எங்கே இறங்கும் என்று எனக்கே தெரியாது.

ஆகஸ்ட்டில் லொறி டிரைவர்களின் டீமோடு மட்ச். அவர்களில் ஆகப் பெரிய ஆள், பந்து வந்துசேர முன்பே முழு வேகத்தில் மட்டையை வீசி, ஒரு சுற்றுச் சுற்றி, புல்லில் உட்கார்ந்துவிட்டார். பார்க்கே சிரித்தது. அந்த மனுசனும்தான்.

அந்த வருடம் எங்களுக்கு மூன்றாம் இடம். பரிசு ஒரு பெட்டி பியர். "எங்களுக்கு ஒரேஞ்ச் ஜூஸ் இல்லையோ?" என்று அக்கா கேட்டு, கிரெக் கடைக்கு ஓடினான்.

பிறகு அக்காவும் அண்ணையும் கிழக்கு லண்டனில் அப்டன் பார்க் பக்கம் வீடு மாறினார்கள். கிறிஸ்மஸுக்குக் கேக்கும் திட்டும் தவறாமல் வரும். திட்டு, நான் போய்ப் பார்க்காததற்கு.

கடைசியாகப் போன வருடம் மீன்கடையில் கண்டேன். கடைக்காரரோடு பெரிய வாக்குவாதம். "தம்பி, கண்ணைப் பார்... இது நேற்றுப் பிடிச்ச மீனோ? எனக்குச் சொல்லாதை."

நல்ல மீனாக எடுக்கவைத்து, பாதியை என் பையில் போட்டுவிட்டுத்தான் என்னை விட்டார். அன்றிரவே குழம்பு வைத்தேன். நல்ல ருசி.

சேர்ச்சில் நடக்கும் இறுதிப் பூசை விபரத்தை அக்காவின் பிள்ளைகள் இங்கே போடுவார்கள். பழைய கிச்சன் ஆட்கள் யாராவது இதைப் பார்த்தால் வாருங்கள்.

சந்தோசமாப் போயிட்டு வாங்கோ, அக்கா.