செத்தவனுக்கு ஏது பிறந்தநாள்

அந்தப் பந்து உருண்டையாக இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஆபீஸில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவள் அதை என் மேஜைமேல் வைத்தபோது, நேராக உருளத் தெரியாமல் கோணிக்கொண்டு போய் என் டிபன் பாக்ஸில் இடித்து நின்றது. பழுப்புத் தோல், இரண்டு முனையும் கூம்பு, நடுவில் வெள்ளைக் கயிறு கோத்த தையல். உரிக்காத தேங்காய்க்குச் செருப்புத் தோல் போர்த்தியது போல இருந்தது. அமெரிக்காவிலிருந்து கூரியரில் வந்ததாம். "இதான் நமக்குச் சோறு போடற சாமி," என்றாள் அக்கா. "இத்தப் புடிச்சிக்கினு ஒருத்தன் ஓடுவான். மத்தவனுங்க அவன இழுத்துப் போட்டு மேல உழுவானுங்க. அவ்ளோதான் ஆட்டம். புரிஞ்சுதா?" புரியவில்லை என்றேன். "புரியாட்டிப் போவுது. ஒரு மாசத்துல நீயே கத்துவ பாரு," என்று சொல்லிவிட்டுப் பந்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் ஆபீஸ் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கட்டடத்தின் முதல் மாடி. கீழே ஓட்டல், மேலே மொட்டையடித்துக்கொண்டு வருபவர்கள் தங்கும் லாட்ஜ். அமெரிக்காவில் ஓர் இணையதளம். அந்த ஊர் ஃபுட்பாலுக்கென்றே நடத்துகிறார்கள். அதில் நாளுக்கு ஒரு பக்கம் உண்டு. இதே தேதியில் முன்பு எந்த ஆட்டத்தில் என்ன பெரிய காரியம் நடந்தது, எந்த ஆட்டக்காரன் பிறந்தான் என்று அந்தப் பக்கத்தில் இருக்கும். அதை நிரப்புவதுதான் எங்கள் வேலை. அங்கே பொழுது விடிவதற்குள் இங்கே நாங்கள் பகலில் உட்கார்ந்து முடித்துவிட வேண்டும். நான் நகரிக்காரன். வீட்டில் பவர்லூம். நைனா, அண்ணன் எல்லாரும் தறிச் சத்தத்தில் காது போனவர்கள். என்ன வேலை என்று ஊரில் கேட்டால் கம்ப்யூட்டர் என்று மட்டும் சொல்வேன். முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் என்றைக்குப் பிறந்தான் என்று டைப் அடிக்கத்தான் டிகிரி வாங்கினோமா என்று எனக்கு ஆத்திரமாக வரும். எனக்கு எதற்கும் ஆத்திரம் வரும். அதை மறைத்து நயமாக எழுத எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் போவதில்லை.

அக்காவுக்கு அந்த ஆத்திரம் கிடையாது. எங்கள் எட்டுப் பேருக்கும் அவள்தான் டீம் லீடர். சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின கிராமம். அவளைப் பெற்றவர்கள் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தத் தெருவில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கின முதல் ஆள் அவள். அதை ஒருநாளும் அடக்கமாகச் சொல்லமாட்டாள். பஸ்ஸில் கண்டக்டரிடம்கூடச் சொல்வாள். குரல் பெரிசு. பழைய ஆட்டங்களின் வீடியோவைப் போட்டுப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். மற்ற ஆபீஸ்களில் இப்படிச் செய்யமாட்டார்கள், எங்கிருந்தோ எடுத்து எங்கேயோ ஒட்டுவார்கள். இவள் பார்க்கும்போதே மேஜையைத் தட்டுவாள். கடைசி நொடியில் எவனோ கண்ணை மூடிக்கொண்டு வீசின பந்து, கூட்டத்தில் யார் கையிலோ பட்டுத் தெறித்து, தரையைத் தொடுகிற நேரத்தில் இன்னொருவன் கையில் மாட்டி, அவன் அதோடு ஓடியே போன ஆட்டம் ஒன்று உண்டு. அதை எங்களுக்கு எத்தனையோ தடவை போட்டுக் காட்டியிருக்கிறாள். பனி கொட்டிக் கோடே தெரியாத மைதானத்தில் ஒருவன் கால் வழுக்க வழுக்கப் பந்தை உதைத்து ஜெயிக்க வைத்ததைப் பார்த்துவிட்டு, "குளுருக்கு நம்மாளா இருந்தா போத்திக்கினு படுத்திருப்பான்," என்றாள். ஆனால் அவளுக்கு உயிர் அந்த வீரர்கள்மேல் இல்லை. முன்வரிசையில் நின்று எதிராளியை இடித்துத் தடுப்பதற்கென்றே தடித்தடியாகச் சிலர் இருப்பார்கள். பந்து அவர்கள் கைக்கு வரவே வராது. "ஆயுசு பூரா அடி வாங்கிக்கினு நிக்கறான், பேர் மட்டும் பின்னால இருக்கறவனுக்கு," என்பாள். அவர்களைப் பற்றி எழுத மட்டும் யாரையும் விடமாட்டாள். அவளே எழுதுவாள். அவள் சொன்னது போலவே, ஒரு மாதத்தில் நானும் கத்த ஆரம்பித்திருந்தேன்.

பிறந்தநாள் பட்டியல் அமெரிக்காவிலிருந்து வந்ததை அப்படியே போட வேண்டும். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் வாழ்த்து. நான்தான் முதலில் கேட்டேன். ஒருத்தன் செத்துப்போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இவனுக்கு எப்படி இனிய பிறந்தநாள் என்று போடுவது? அக்கா என் திரையை எட்டிப் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது. "செத்தவனுக்கு ஏதுடா பிறந்தநாள்? அவன் பொண்டாட்டி இதப் படிச்சா அவ வயிறு எரியாது?" என்றாள். அன்றைக்கே முடிவு செய்தாள். உயிரோடு இருப்பவனுக்குப் பிறந்தநாள். போனவனுக்குப் போன நாள். அந்தத் தேதிப் பக்கத்தில் அவனைப் பற்றி நாலு வரி. எங்களில் ஒருத்தருக்கும் இது வித்தியாசமாகவே படவில்லை. எங்கள் வீடுகளில் இறந்தவர் பிறந்த தேதி யாருக்கு ஞாபகம் இருக்கிறது? திதிதான் தெரியும். அன்றைக்குத்தான் படையல், அன்றைக்குத்தான் காக்காவுக்குச் சோறு. ஒரு பெண் நிஜமாகவே பஞ்சாங்கம் பார்த்துத் திதி கணக்குப் போடலாமா என்று கேட்டாள். "அவங்க ஊர்ல அமாவாசை பாக்கறாங்களா இன்னா? இங்கிலீஷ் தேதியே போதும், போ," என்றாள் அக்கா. மேனேஜரிடம் கேட்டோம். சித்தூர்க்காரர். அந்த வாரம்தான் கபிலதீர்த்தத்தில் தன் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்திருந்தார். "கரெக்ட்டே கதா, அப்படியே செய்யுங்க," என்று தலையாட்டினார். தலையாட்டினார் என்பதை இங்கே அழுத்தி எழுதுகிறேன்.

அப்போது அங்கே ஆட்டம் இல்லாத மாதங்கள். பக்கத்தைப் படிக்க ஆள் குறைவு. சீசன் தொடங்கியதும் கூட்டம் வந்தது, வினையும் வந்தது. அந்த ஊரில் சாமிக்கு அடுத்தபடி வைத்துக் கும்பிடும் ஒரு பழைய பயிற்சியாளர், காலமானவர், அவருடைய பிறந்த தேதி. எங்கள் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. நேற்று டீமில் சேர்ந்த ஒரு பொடியனுக்குப் பெரிதாக வாழ்த்துப் போட்டிருந்தோம். அமெரிக்காவே திட்டியது. அதற்குப் பிறகுதான் இணையதளக்காரர்கள் எல்லாப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்து, பெரிய பெரிய ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் பிறந்தநாள் பட்டியலிலிருந்தே காணாமல் போயிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மறுநாள் சாயங்காலம் வீடியோவில் பேச வேண்டும், வேலையை வேறு ஊருக்கு மாற்றப்போகிறோம் என்று மெயில் வந்தது.

மேனேஜர் வேலையைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தார். தப்பு ஒரே ஆளுடையது, அந்த ஆளை நீக்கிவிட்டோம் என்று சொல்லிவிடுவது. அக்காவைக் கூப்பிட்டு எங்கள் முன்னாலேயே சொன்னார். "நீ சாரி மட்டும் சொல்லும்மா. வேற ஒண்ணும் பேசாத. மீதிய நான் பாத்துக்கறேன்." நீங்களும்தானே தலையாட்டினீர்கள் என்று நான் கேட்டேன். "நுவ்வு ஊருகோ," என்று தெலுங்கில் என் வாயை அடைத்தார். எனக்கு அந்த ஆளைப் பிடித்து ஓட்டல் அடுப்பில் தள்ளலாம் போல இருந்தது. அக்கா பதில் பேசவில்லை. பெரிய குரல்காரி பேசாமல் இருந்ததுதான் எங்களைப் பயமுறுத்தியது. இந்த வேலை போனால் அவளுக்கு மிச்சம் இருந்தது எல்லைப்பக்கம் இருக்கிற கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நின்று சாமான் பூட்டுவது. அவள் தெருவிலிருந்து எல்லாப் பெண்களும் விடிகாலை வேன் ஏறிப்போய் அதைத்தான் செய்தார்கள். அந்த வேனில் ஏறமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவள் அவள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே தள்ளி வைத்தாள். "துன்னுக்கா," என்றேன். "நீ துன்னு. எனக்கு ஒரு வேலை கீது," என்று சொல்லி, பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து எதையோ படித்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் பெரிய திரையில், அந்த இணையதளத்தை நடத்தும் கிளையண்ட் அம்மா வந்தாள். நரைத்த முடி, கையில் காப்பி, அவளுக்குக் காலை நேரம். நாங்கள் சுவரோரம் நின்றோம். மேனேஜர் சாரி சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். பிறகு அக்கா பக்கம் கையைக் காட்டி, இந்தப் பெண்ணின் முடிவு இது, நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்றார். அந்த அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்காவின் இங்கிலீஷ் எங்கள் இங்கிலீஷ்தான், நிறுத்தி நிறுத்தித்தான் வரும். ஆனால் குரல் திரும்பி வந்திருந்தது.

"பிறந்தநாளை எடுத்தது தப்பு. உங்க ஊர்ப் பழக்கம் எங்களுக்குத் தெரியல. இன்னைக்கே எல்லாத்தையும் திரும்பப் போட்டுடறோம்," என்றாள். "ஆனா செத்த நாள்ல நாங்க எழுதினத அழிக்காதீங்க."

"விளையாட்டுப் பக்கத்தில் சாவைப் பற்றி யார் படிப்பார்கள்?" என்று கேட்டாள் அந்த அம்மா. சண்டைக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

"பிறந்தநாள் வாழ்த்துக்குக் கீழ படிக்கறவங்க ஒருத்தரும் ஒண்ணும் எழுதல. போய்ப் பாருங்க. செத்த நாளுக்குக் கீழ எழுதியிருக்காங்க. எது வேணும்னாலும் தொறங்க. நேத்தைய பக்கத்தையே தொறங்க."

மேனேஜர் மேஜைக்கடியில் அக்காவின் காலைத் தன் செருப்பால் தட்டினார். நான் பார்த்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

அந்த அம்மா திறந்தாள். முந்தைய நாள் தேதியில் இறந்துபோன ஒரு முன்வரிசைக்காரன். பெரிய பெயர் இல்லாதவன். பந்தையே தொடாதவன். அக்கா எழுதிய வரியை அவள் சத்தமாக வாசித்தாள். 'இவர் பந்தைக் கையில் வாங்கியதில்லை. வாங்கியவர்கள் எல்லாரும் இவருக்குப் பின்னால் நின்றுதான் வாங்கினார்கள்.' பிறகு கீழே இறங்கினாள். அந்த ஆட்டக்காரனின் மகன் எழுதியிருந்தான். வருஷா வருஷம் இந்த நாளில் அம்மாவும் நானும் மட்டும் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுவோம், இந்த வருஷம் உங்கள் பக்கத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், இன்னொரு தடவை படி என்றாள். இதை எழுதியவர் யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள். அதற்குக் கீழே அவனோடு ஆடிய ஒரு கிழவர், அவனால்தான் என் முழங்கால் பிழைத்தது என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர். அந்த அம்மா படிப்பதை நிறுத்தவில்லை. வேறு ஒரு தேதிக்குப் போனாள், இன்னொரு தேதிக்குப் போனாள். காப்பியைக் கீழே வைத்துவிட்டாள். நாங்கள் எல்லாரும் அங்கே நிற்பதே அவளுக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இந்த வரியை எழுதியது யார்?" என்று கேட்டாள்.

"நான்தான்," என்றாள் அக்கா.

"அவர் ஆடியதைப் பார்த்திருக்கிறாயா?"

"வீடியோல பாத்தேன். அவரு ஆடினத யாரும் பாக்க மாட்டாங்க. பந்து இருக்கற பக்கம்தான் பாப்பாங்க. நான் அவரையே பாத்தேன்."

அந்த அம்மா தலையைக் குனிந்து ஏதோ எழுதினாள். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் கறாராக இருந்தது. பிறந்தநாள் பட்டியல் நாளைக்குள் சரியாக வேண்டும். நினைவு நாளுக்குத் தனி இடம் ஒதுக்குகிறேன், பக்கத்தின் மேல்பகுதியில். அதை நடத்த வேண்டியது இந்தப் பெண். இந்தப் பெண் இல்லையென்றால் வேலையும் இல்லை. இதைச் சொல்லிவிட்டு மேனேஜரைப் பார்த்து, நடவடிக்கை என்றீர்களே, என்ன நடவடிக்கை என்று கேட்டாள்.

"ப்ரமோஷன் மேடம்," என்றார் மேனேஜர். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எத்தனையோ கேவலமான ஆட்களைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு வேகமானவரைப் பார்த்ததில்லை.

இப்போது நான் சித்தூரில் வேறு வேலை பார்க்கிறேன். பிறந்தநாள் பட்டியலை இன்று மிஷினே போட்டுக்கொள்கிறது. அதற்கு ஆள் தேவையில்லை என்று அந்த வேலையைச் செய்த ஆபீஸ்கள் எத்தனையோ மூடிவிட்டார்கள். நினைவு நாள் பக்கம் மட்டும் இன்னும் திருப்பதியிலிருந்துதான் போகிறது. மிஷினை வைத்து அதையும் எழுதிப் பார்த்தார்களாம், படித்தவர்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்து, முன்பு எழுதியவர் எங்கே என்று கேட்டார்களாம். அக்காவிடம் இப்போது நாங்கள் இருந்ததைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். அவள் தெருப் பெண்கள் சிலரும் வேனை விட்டு இங்கே வந்துவிட்டார்கள். சிலபேர் இதையெல்லாம் அதிர்ஷ்டம் என்கிறார்கள். அதிர்ஷ்டம் இல்லை. இறந்தவனை எந்த நாளில் நினைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும், அதை எடுத்துச் சொல்ல ஒருத்திக்கு வாய் இருந்தது.

அன்றைக்குத் திரை அணைந்ததும் நாங்கள் கத்தினோம். கீழே ஓட்டல்காரன் என்ன கலாட்டா என்று படியேறி வந்து பார்த்தான். மேனேஜர் எல்லாருக்கும் ஸ்வீட் சொல்கிறேன் என்றார். ஒரு பெண் அழுதுகொண்டே அக்காவைக் கட்டிப்பிடித்தாள். அக்கா அவளை விலக்கிவிட்டு, காலையிலிருந்து திறக்காத டப்பாவைத் திறந்து, நின்றபடியே ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்து முறைத்தாள்.

"இன்னா நின்னுக்கினு கீறீங்க? நாளைக்குச் செத்தவன் ரெண்டு பேரு பாக்கி கீறான். உக்காந்து எழுதுங்க."

உட்கார்ந்தோம்.