மாத்தளை யார்டில் ஒரு பழைய இன்ஜினின் பரீட்சை

காலை ஆறு ஐம்பது. கண்டியில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்தது. மாத்தளைக்கு டிக்கெட் எண்பது ரூபாய், தூரம் இருபத்தெட்டு கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் இன்னும் சீக்கிரம் போகலாமே என்று எங்கள் ஊர் ஹட்டனில் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். எனக்கு ரயில்கோச்சியில் ஏறினால் போதும், நேரம் ஒரு பொருட்டில்லை. இதை என் மனைவி வியாதி என்பாள்.

ஆனால் இந்த முறை நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. என்னோடு படித்த நிஸாம் மாத்தளை யார்டில் ஷன்டிங் இன்ஜின் ஓட்டுகிறான். பெட்டிகளை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்தும் தள்ளியும் வரிசைப்படுத்துகிற இன்ஜின் அது. ஊர் ஊராகப் போகாது. நாள் முழுக்க அதே அரை மைலுக்குள் புகை கக்கிக்கொண்டு நிற்கும். இருபது வருடம் அந்தப் புகைக்குள் உட்கார்ந்ததில் நிஸாமின் நெஞ்சு கெட்டுவிட்டது. இன்ஜின் புகையை விட்டு விலகாவிட்டால் தான் பொறுப்பில்லை என்று டொக்டர் கைவிரித்துவிட்டார். விலகுவதென்றால் கொழும்பில் ஒரு மேசை வேலைக்கு மாற்றம்தான். அவன் மனைவி ஃபரீனா மாத்தளையில் ஆசிரியை. கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்து ஆளுக்கொரு ஊரில் குடித்தனம் நடத்தவேண்டி வரும்.

இந்த நேரத்தில் கொழும்பிலிருந்து வேறொரு பழைய இன்ஜின், உள்ளே அதிகம் புகை விடாத புது மோட்டார் பொருத்தி, மாத்தளைக்கு வந்து சேர்ந்திருந்தது. இன்றைய பரீட்சையில் தேறினால் அது அங்கேயே நிற்கும், நிஸாமும் நிற்பான். தேறாவிட்டால் அது திரும்பிப் போகும், அடுத்த வாரம் அவனும் போவான். "சும்மா வந்து பக்கத்துல நில்லு மச்சான்" என்று போனில் சொன்னான். குரல் சரியில்லை. லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஏழு ஐம்பத்தைந்து. கட்டுகஸ்தோட்டைப் பாலம், வத்தேகமவின் மிளகுக் கொடிகள் எல்லாம் கடந்து உக்குவெல வந்தது. அங்கே ஏறியவர் என் எதிரே உட்கார்ந்து, நான் யார், எங்கே, எதற்கு என்று மூன்று நிமிடத்தில் விசாரித்து முடித்தார். பெயர் முத்தையா. மாத்தளை யார்டில் பெட்டிகளை மாட்டிக் கழற்றுகிறவர்.

"நிஸாம் டிரைவரோட கூட்டாளிங்களா? நல்ல நாளாப் பாத்துத்தான் வந்திருக்கீங்க."

"புது இன்ஜின் எப்படி இருக்கு?" என்றேன்.

"அதுக்கு வாயே இல்லீங்க. பழசு வந்தா பக்கத்து வீட்டுல சட்டி பானை ஆடும். இது ஓடுதா நிக்கிதான்னே தெரியல. எனக்கு என்னமோ நம்பிக்கை வரலீங்க."

நல்ல சகுனம்தான் என்று மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டேன்.

எட்டு இருபது. மாத்தளை. ஹட்டன் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றவேண்டியிருந்தது. நிஸாம் இளைத்திருந்தான். கையைப் பிடித்து நேரே இன்ஜினிடம் கூட்டிப்போனான். வெளியே பார்த்தால் பழைய உருப்படிதான். அடிவாங்கிய தகடு, மேலே புதுப் பெயின்ட். அதைக் கட்டிய கொழும்பு ஃபிட்டர் பிரியந்த, பாதி சிங்களமும் பாதித் தமிழுமாக விளக்கினார். அடிச்சட்டமும் சக்கரமும் இன்னும் ஐம்பது வருடம் தாங்குமாம். இவ்வளவு கனத்த இரும்பை எறிந்துவிட்டு முழு இன்ஜினையும் புதிதாக வாங்குவது முட்டாள்தனமாம். அதனால் மோட்டாரை மட்டும் மாற்றி, புகை போகும் வழியில் வடிகட்டி வைத்திருக்கிறார்கள். ஓடுகிற இன்ஜினின் பக்கத்தில் நின்று நாய் மாதிரி மோப்பம் பிடித்துப் பார்த்தேன். மண்ணெண்ணெய் அடுப்பளவு வாடைகூட இல்லை.

பத்து மணிக்கு முதல் பரீட்சை. கொழும்பிலிருந்து வந்திருந்த பெண் இன்ஜினியர் கோப்பும் பேனாவுமாக நின்றார். வெறும் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிக்காட்டவேண்டும். நிஸாம் முட்டையை நகர்த்துவதுபோல நகர்த்தினான். அடுத்தது பதினொரு மணிக்கு. சல்லிக்கல் ஏற்றிய ஆறு பெட்டிகளை யார்டின் கோடியிலுள்ள ஏற்றத்தில் இழுக்கவேண்டும். அதற்கு முன் அந்தப் பெட்டிகளின் பிரேக்கைப் பார்க்க இன்ஜினியர் குடையை விரித்துக்கொண்டு கோடிக்கு நடந்தார். ஏதோ கிளிப் வாங்க பிரியந்த டவுனுக்குப் போனார். நானும் நிஸாமும் முத்தையாவும் கன்டீனுக்குப் போனோம். பிளேன்டீ ஐம்பது ரூபாய், சீனி தாராளம்.

நிஸாம் இன்ஜினை ஓடவிட்டுத்தான் வந்தான். அது இந்த யார்டின் வழக்கம். பழைய இன்ஜினை ஒருதரம் நிறுத்தினால் மறுபடி கிளப்புவதற்குள் உயிர் போய்விடும் என்பதால், டீ குடிக்கப் போனாலும் தொழுகைக்குப் போனாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

வெளியே அந்த மெல்லிய முனகல் நின்றதைக் கேட்டு முதலில் நிமிர்ந்தவன் நிஸாம். கோப்பையை வைத்துவிட்டு வெளியே ஓடினான். இன்ஜின் நின்றுபோயிருந்தது.

"செத்துப்போச்சா?" என்றார் முத்தையா.

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு முத்தையா!"

நிஸாம் இன்ஜினின் பக்கக் கதவுகள் நான்கையும் திறந்துபோட்டான். பழைய இன்ஜினுக்குச் செய்கிற வைத்தியத்தையெல்லாம் செய்தான். கையால் டீசல் பம்ப் அடித்தான், பேட்டரி ஒயரை முறுக்கினான், ஸ்பேனரால் நாலு தட்டுத் தட்டினான். மேலே ஏறி பட்டனை அழுத்தினான். சத்தமே இல்லை. மறுபடி இறங்கினான், மறுபடி ஏறினான். மணி பத்து ஐம்பத்திரண்டு. கோடியில் இன்ஜினியரின் குடை எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. நான் செய்த உதவி, ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான்.

"ஃபரீனாக்கிட்ட என்னத்தச் சொல்லுவேன் மச்சான்?" என்றான். மூச்சு வாங்கியது அவனுக்கு.

அப்போது முச்சக்கர வண்டியிலிருந்து பிரியந்த இறங்கினார். ஒரு கையில் கிளிப், மறு கையில் பாதி கடித்த, மீன் அடைத்த மாலுபாண். திறந்து கிடந்த கதவுகளைப் பார்த்தார். மனுஷன் சிரிக்கிறார்! மாலுபாணை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

"இப்ப பட்டன அமத்துங்க, நிஸாம் நானா" என்றார், அண்ணனைக் கூப்பிடுகிற மரியாதையோடு.

நிஸாம் அழுத்தினான். ஒன்றுமே நடக்காததுபோல இன்ஜின் கிளம்பியது.

விஷயம் இவ்வளவுதான். பத்து நிமிடம் வேலையில்லாமல் நின்றால் டீசலும் புகையும் மிச்சமாகட்டும் என்று அது தானாகவே நின்றுவிடும். பட்டனை ஒருதரம் தொட்டால் போதும். ஆனால் கதவு திறந்திருந்தால், யாருடைய விரலாவது போய்விடும் என்று, கிளம்பவே கிளம்பாது. நல்ல இன்ஜினை வைத்தியம் பார்த்தே கெடுக்கவிருந்தான் நண்பன். பிரியந்த இதையெல்லாம் நேற்றே சொல்லியிருக்கிறார்.

"சொன்னாருதான். நானும் அவரு பாஷையில ஹரி, ஹரி, சரி சரின்னு தலையாட்டினேன். இருபது வருஷமா இன்ஜின நிறுத்தாத ஆளுக்கு, அது தானா நிக்கும்னா மண்டையில ஏறுமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. முத்தையா இன்ஜினைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார்.

பதினொரு மணிக்கு ஆறு பெட்டிகளும் மாட்டியாயிற்று. ஏற்றத்தில் சக்கரம் ஒருமுறை வழுக்கியது. பிறகு நிதானமாக, கறுப்புப் புகை ஒரு பொட்டுக்கூட இல்லாமல், இழுத்துக்கொண்டு மேலே போய்விட்டது. இன்ஜினியர் கோப்பைப் புரட்டினார்.

"இடைவேளையில தானா நின்னதா? அதையும் பாக்கணும்."

"நின்னது மிஸ்" என்றான் நிஸாம் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு. "சரியா பத்து நிமிஷம். நாங்க எல்லாரும் கவனிச்சோம்."

பிரியந்தவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. இன்ஜினியர் அதற்கும் ஒரு சரி போட்டு, கடைசியில் கையெழுத்தும் போட்டார்.

ஒன்றரை மணி. நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை, நிஸாமின் வீடு. ஸ்கூல் விட்டு அப்போதுதான் வந்திருந்தாள் ஃபரீனா. முடிவு என்ன என்று அவளும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. நான் இருக்கிறேனே என்ற கூச்சம்போலும். நிஸாம் வேலைச் சட்டையைக் கழற்றி, வழக்கம்போலப் பின்கட்டு வாளியில் போடப் போனான். அதன் புகை மற்றத் துணியில் ஒட்டும் என்று அதற்கென்று தனி வாளி வைத்திருந்தாள். சட்டையை அவன் கையிலிருந்து வாங்கி, காலரை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். இன்னொரு முறை முகர்ந்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். தன் சேலைகள் ஊறிக்கொண்டிருந்த பேசினிலேயே அந்தச் சட்டையையும் போட்டுவிட்டு, என்னிடம் திரும்பி, "உக்காருங்க அண்ணன், சோறு போடுறேன்" என்று அடுப்படிக்குப் போனாள். பிஞ்சுப் பலாக்காய் போலோஸ் கறியில் உப்புக் கொஞ்சம் கூட. மூன்று பேரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டோம்.

இரண்டு ஐம்பது. திரும்பும் கோச்சியில் கூட்டமில்லை. எத்தனையோ ஊருக்குப் போய் மசாலாவும் மிளகுமாக மூட்டை கட்டிக்கொண்டு வந்தவன் நான். இந்தத் தடவை பையில் ஒன்றும் இல்லை, நெஞ்சு மட்டும் லேசாக இருந்தது. நண்பனைக் கொழும்புக்கு வழியனுப்ப மனதைத் தயார்படுத்திக்கொண்டுதான் காலையில் வந்திருந்தேன். கோச்சி நகர்ந்தபோது மேடையில் நின்று கையசைத்தவன் அவன்தான்.