ஆமென் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் குடும்பத்தில் யாரும் சண்டை போடுவதில்லை. ஜெபம் பண்ணுவோம்.

சிரிக்காதீர்கள், உள்ளதைத்தான் சொல்கிறேன். மாதத்தின் கடைசி ஞாயிறு சாயங்காலம் குடும்ப ஜெபம். ஒரு மாதம் பூனாவில் நிக்டியில் எங்கள் வீட்டில், மறு மாதம் மகர்பட்டாவில் என் கணவரின் அண்ணன் வீட்டில். மாமனார் ஆரம்பித்து வைத்த வழக்கம். அவர் காலத்துக்குப் பிறகும் ஒரு மாதம்கூட நின்றதில்லை. ஹாலில் பாயை விரித்து வட்டமாக உட்காருவோம். ஒரு பாட்டு, ஒரு வேதவாசிப்பு, பிறகு வலப்பக்கமாக ஒவ்வொருவராக ஜெபிக்க வேண்டும். ஒருவர் ஜெபிக்கும்போது இன்னொருவர் வாயைத் திறக்கக் கூடாது. கண்ணையும் திறக்கக் கூடாது. முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து 'ஆமென்' சொல்ல வேண்டும். அவர் என்னத்தைச் சொல்லியிருந்தாலும் சரி, ஆமென்.

இப்படி ஒரு வசதி கையில் கிடைத்தால் மனுஷர் சும்மா விடுவார்களா? என் கணவரின் அண்ணன் மனைவி இதில் கைதேர்ந்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் ஸ்கூட்டர் வாங்கின மாதம், "ஆண்டவரே, இந்தக் குடும்பத்திற்குள் ஆடம்பரத்தின் ஆவி நுழையாதபடிக்குக் காத்துக்கொள்ளும்" என்றாள். சிஞ்ச்வட் கம்பெனியில் என் கணவர் சூப்பர்வைசர் ஆன மாதம், தலை கனக்காமல் இருக்க அவருக்குக் கிருபை கேட்டாள். நானும் சளைத்தவளில்லை. அவர்கள் பதினோராம் மாடி ஃப்ளாட்டுக்குக் குடிபோனபோது, "எவ்வளவு உயரம் போனாலும் கீழே இருப்பவர்களை மறக்காத இருதயத்தை இவர்களுக்குத் தாரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு உருகினவள் நான்தான். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அவளும்தான் சொன்னாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு மகள், ஒரு வயது வித்தியாசம். போட்டிக்குக் கேட்கவா வேண்டும்? யார் முதலில் நடந்தாள், யாருக்கு ஞாயிறு பள்ளியில் பரிசு, யாருக்கு முடி நீளம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் மகளுக்கு ஒன்பது வயதில் வலிப்பு வந்தபோதுதான் அது கொஞ்சநாள் நின்றது. முதல் தடவை வந்தது அக்கா வீட்டில்தான். என் கணவர் சாவிக்கொத்தை எடுத்துப் பிள்ளை கையில் திணிக்கப் போனார். "தள்ளுங்க! காத்து வரட்டும்" என்று கத்தி, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தவள் அக்கா. அப்புறம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ரிக்‌ஷா பிடிக்க ஓடினவளும் அவள்தான். அதை நான் மறைக்க மாட்டேன். அதனால்தான் பின்னால் அவள் செய்தது எனக்கு அவ்வளவு வலித்தது.

இப்போது என் மகளுக்கு இருபத்தாறு வயது. சாஃப்ட்வேர் வேலை. ஏழு வருடமாக வலிப்பு வரவில்லை. தினம் ஒரு மாத்திரை மட்டும் உண்டு. அந்த டப்பா ஃப்ரிட்ஜ் மேலே, ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும்.

அவளுக்கு ஒரு வரன் வந்தது. கண்டோன்மென்ட் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். பையனின் அம்மா டீச்சர். அவர்கள் முதலில் பேசியது அக்காவின் மகளுக்குத்தான், என்ன காரணமோ அந்தப் பேச்சு நின்றுபோனது. பிறகு ஒரு கல்யாண வீட்டில் என் மகளைப் பார்த்துவிட்டு எங்களைக் கேட்டார்கள். அதைக் கேள்விப்பட்டதும் அக்காவின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பொய் சொல்வானேன்?

பெண் பார்க்க என்று வரவேண்டாம், குடும்ப ஜெபத்துக்கு வாருங்கள் என்று சொன்னேன். எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு நாசூக்கு உண்டு. வலிப்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"சொல்லிரலாமே" என்றார் கணவர்.

"முதல்ல பிள்ளையப் பாக்கட்டும். பொறவு சொல்லுவோம்" என்றேன்.

அன்று காலை மாத்திரை டப்பாவை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் திரும்பினால், சமையலறை வாசலில் மகள் நிற்கிறாள். வாயில் பல் பிரஷ். பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பார்வை அன்று முழுக்க என் முதுகிலேயே இருந்தது.

சாயங்காலம் பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். அக்கா குடும்பம் அதற்கு முன்பே வந்துவிட்டது. பாட்டு முடிந்தது, வாசிப்பு முடிந்தது. வட்டத்தில் அக்காவின் முறை வந்தது. ஜெபம் என்று வந்துவிட்டால் எங்கள் எல்லோருக்குமே தமிழ் மாறிவிடும், அக்காவுக்குக் குரலும் மாறும்.

"எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம். வந்திருக்கிற அன்பான குடும்பத்துக்காக ஸ்தோத்திரம். விசேஷமாக எங்கள் சின்ன மகளுக்காக உம்மைத் துதிக்கிறோம் ஆண்டவரே. ஒன்பது வயதிலே வலிப்பு வந்து தரையிலே துடித்த பிள்ளையை இந்நாள்மட்டும் காத்து நடத்தினீரே! இன்றைக்கும் மாத்திரைகளின் மூலமாய் அவளுக்குச் சுகத்தைக் கட்டளையிடுகிறீரே! உமது கிருபைக்காகக் கோடி ஸ்தோத்திரம். ஆமென்."

"ஆமென்!" என்றார் என் கணவர், சத்தமாக. பழக்க தோஷம். எதற்கு ஆமென் சொன்னோம் என்பது பாவம், அந்த மனுஷனுக்கு அரை நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.

நான் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்து அந்த வட்டத்தில் உட்கார்ந்த நாள் முதல் நான் ஆமென் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை. கண்ணைத் திறந்தேன். டீச்சரின் கண்ணும் திறந்திருந்தது. என் மகளை மேலும் கீழுமாக அளந்துகொண்டிருந்தது. மகளோ தலையைத் தொங்கப்போட்டுத் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன சாமர்த்தியம் பாருங்கள். அக்கா பொய் சொல்லவில்லை. திட்டவில்லை. நன்றிதான் சொல்லியிருக்கிறாள். இதற்கு யார் சண்டைக்குப் போக முடியும்?

அடுத்தது என் முறை. ஜெபத் தமிழ் ஒரு வார்த்தை வரவில்லை, வீட்டுத் தமிழ்தான் வந்தது.

"ஆண்டவரே, அக்கா சொன்னது நெசந்தான். எம்பிள்ளைக்கு வலிப்பு உண்டு. ஏழு வருசமா வரல. இனிமே வருமா வராதான்னு உமக்குத்தான் தெரியும். இத நான் இவங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும், சொல்லல. காலையில மாத்திர டப்பாவ அரிசி டிரம்முக்குப் பின்னால ஒளிச்சு வச்சேன். உம்மை நம்புதேன் நம்புதேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு ஒரு டப்பாவ ஒளிச்சேன் பாரும், அதுக்கு என்னை மன்னியும். வேற எதுக்கும் நான் ஒருத்தர் முன்னாலயும் தல குனிய மாட்டேன். எம்பிள்ளையும் குனிய வேண்டாம். அவ தரையில கெடந்த ஒவ்வொரு தடவையும் நீரு பக்கத்துல இருந்தீரு. இன்னைக்கும் இரும். ஆமென்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. இதற்குச் சொல்லலாமா கூடாதா என்று யாருக்கும் விளங்கவில்லை போலிருக்கிறது.

எனக்கு அடுத்து மகள். பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவள், அவளுக்குத் தமிழில் ஜெபிப்பதென்றால் எப்போதும் திணறல்தான், நடுவில் இந்தி வந்துவிடும்.

"ஆண்டவரே... மத்லப், எனக்கு மம்மி மாதிரி எல்லாம் ப்ரே பண்ண வராது. நான் நல்லாத்தான் இருக்கேன். தேங்க்யூ. அந்த டப்பா ஃப்ரிட்ஜ் மேலயே இருக்கட்டும். ஆமென்."

சொல்லிவிட்டு எழுந்தாள். ஜெபத்தின் நடுவில் எங்கள் வீட்டில் யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. சமையலறைக்குள் போனாள், டிரம் நகரும் சத்தம் கேட்டது. டப்பாவைக் கொண்டுவந்து, ஹாலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்படி ஃப்ரிட்ஜ் மேல் அதன் இடத்தில் வைத்தாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை தலை நிமிர்ந்திருந்தது.

டீச்சர் கேசரியைப் பாதியிலும் டீயை முழுதாகவும் விட்டுவிட்டுப் போனார். நாலாம் நாள் போன் வந்தது.

"ஜெபிச்சுப் பாத்தோங்க. ஆண்டவர் வழி திறக்கல."

வேண்டாம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு எங்கள் ஆட்கள் எப்போதும் ஆண்டவரைத்தான் இழுப்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க டீச்சர், அதுல ஒண்ணும் தப்பில்ல. அவரு மேல பழியப் போடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மகளிடம் சொன்னபோது, "மம்மி, அந்தப் பையன் மூஞ்சியப் பாத்தீங்களா? எனக்கு ஃபிட்ஸ் வந்தா அவன்தான் முதல்ல மயங்கி விழுவான்" என்றாள். இருவரும் சிரித்தோம். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவளும் எங்காவது அழுதிருப்பாள். நான் கேட்கவில்லை.

சபையில் ஒரு அம்மா நேரடியாகவே கேட்டாள், "அவ்வளவு நம்புனீங்களே, கடைசியில என்ன ஆச்சு?" என்று. என்ன ஆச்சு? ஒரு கல்யாணம் நடக்கவில்லை, அவ்வளவுதானே. என் பிள்ளை பள்ளிக்கூட அசெம்பிளியில் விழுந்தபோது பக்கத்திலிருந்து விலகி நின்றவர்களை எனக்குத் தெரியும். சுற்றுலாவுக்கு அழைத்துப் போக மாட்டோம் என்றவர்களைத் தெரியும். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று தட்டைத் தனியாக வைத்தவர்களையும் தெரியும். எங்களைக் கைவிட்டவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன், அந்த வரிசையில் ஆண்டவர் இல்லை. குளிர்ந்த தரையில் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணியிருக்கிறேன். எண்ணி முடிப்பதற்குள் ஒவ்வொரு தடவையும் அவள் கண்ணைத் திறந்திருக்கிறாள். எனக்கு அது போதும்.

மறு மாத ஜெபம் மகர்பட்டாவில்.

"இந்த மாசம் போக வேண்டாம்" என்றார் கணவர்.

"நான் எதுக்குப் போகாம இருக்கணும்? ஒளிஞ்சுக்கிட நான் என்ன களவாணியா?"

உண்மையைச் சொன்னால், நான் ஒரு திட்டத்தோடுதான் கிளம்பினேன். அக்காவின் மகள் ஒரு வருடமாக வீட்டிலேயே இருந்தாள். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள் என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிவந்தாள். வேலையாவது ஒன்றாவது! அந்தப் பிள்ளைக்கு மனசு சரியில்லாமல் போய், வேலையை விட்டு, டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் தினம் மாத்திரை. என் மகளிடம் அந்தப் பிள்ளையே சொல்லி அழுதிருக்கிறது, அவள் வாய்வழியாக எனக்கு வந்தது. சப்பாத்தி மாவு பிசையும்போதெல்லாம் நான் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். "அக்கா மகளின் கலங்கின மனதை மாத்திரைகளின் மூலமாய்த் தேற்றி வருகிறீரே, உமக்குக் கோடி ஸ்தோத்திரம்." அச்சு அசல் அக்காவின் ஜெபம்.

லிஃப்டில் மகள் என்னைப் பார்த்தாள். "மம்மி, இன்னைக்கு என்ன ப்ரே பண்ணப் போறீங்க?"

"ஏன் கேக்க?"

"அவ என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கா, மம்மி."

பதினோராம் மாடி வந்துவிட்டது.

உள்ளே போனால் போதகரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குப் பயந்துதான் அக்கா அவர்களைக் கூப்பிட்டிருந்தாள் என்று இன்றும் சொல்வேன். அதுவும் எனக்கு வசதிதான் என்று நினைத்துக்கொண்டேன். சபைக்கே தெரிந்துவிடும்.

என் முறை வந்தது. அந்த வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. கண்ணைத் திறந்தேன். எதிரில் அக்காவும் கண்ணைத் திறந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பயத்தை அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. அவளுக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை, தலையைத் தொங்கப்போட்டுத் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தது. போன மாதம் என் பிள்ளை இருந்த அதே இருப்பு.

ச்சே என்று போய்விட்டது எனக்கு.

"ஆண்டவரே, இந்த வட்டத்துல ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு. எங்க ரெண்டு பேரு போட்டியில அடி வாங்குனது அதுங்கதான். ரெண்டையும் தல நிமிந்து நடக்க வையும். அதுங்க தலைய யாரும் குனிய வைக்கக் கூடாது. ஊராரும் கூடாது, பெத்தவங்களும் கூடாது. எனக்குத் தெரிஞ்சது என்னோடயே இருக்கும். ஆமென்."

அக்காவை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். அது வேறு வழக்கு, ஆண்டவருக்கும் எனக்கும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

என் கணவர் இந்தத் தடவை உஷாராக வாயை மூடிக்கொண்டிருந்தார். முதலில் "ஆமென்" என்றது அந்தப் பிள்ளை. மெல்லிசாக, தலையைத் தூக்கிச் சொன்னது. பிறகு என் மகள். போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆமென் என்றார், அவர் மனைவியும் சொன்னார். அடுத்தவர் முறை என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

நான் அசையவில்லை. அக்காவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமானாலும் சரி என்று இருந்தேன். அவள் உதடு துடித்தது. மகளை ஒரு தடவை பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள்.

"ஆமென்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் கண்ணை மூடினேன்.