பேட்டரிக்கு ஏசி

திருவொற்றியூரில் நான் ஸ்டோர் பார்க்கும் கன்டெய்னர் யார்டில் இன்று பேட்டரிப் பரீட்சை. ஸ்க்ரூ முடுக்கும் கார்ட்லெஸ் மெஷினுக்குப் பழைய கம்பெனி பேட்டரியே வாங்குவதா, புதுசுக்கு மாறுவதா என்று மேனேஜருக்குத் தெரிய வேண்டுமாம்.

இரண்டு பேட்டரியையும் முழு சார்ஜில், யார்டில் தரை வேலை பார்க்கும் தேவராஜ் அண்ணனிடம் கொடுத்தேன். கன்டெய்னருக்குள் முட்டி போட்டுப் பலகைத் தரை முழுக்க ஸ்க்ரூ முடுக்கினார். உள்ளே வெயிலில் காய்ந்த இரும்புச் சுவரில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

பதினொன்றரைக்குள் இரண்டும் தீர்ந்தன. கொதிக்கிற பேட்டரியை சார்ஜர் ஏற்காது.

"என் ரூம் ஏசியில வை. அரை மணி ஆறட்டும்" என்றார் மேனேஜர். அவர் மேஜைமேல் துணி விரித்து வைத்தேன்.

பின்னாலேயே தேவராஜ் அண்ணன் வந்து கதவோரம் உட்கார்ந்தார்.

"தல சுத்துது சார். அஞ்சு நிமிசம் குந்திகினு போறேன்."

மேனேஜர் கோபப்படவில்லை. "ஆளு உக்காந்தா ரூம் சூடாயிடும்பா. அப்புறம் பேட்டரி எப்ப ஆறுறது? வெளிய டேங்க் நிழல்ல போய் உக்காரு."

அண்ணன் எழுந்தார். "அது ஆறுனதும் சொல்லு நைனா. அடுத்த ரவுண்டும் நான்தான ஓட்டணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கதவை மூடியது நான்.

மூன்று மணிக்கு இரண்டாவது ரவுண்டு. புது பேட்டரி இருபது ஸ்க்ரூ கூடுதலாக முடுக்கி ஜெயித்தது. நடுவில் தேவராஜ் அண்ணன் இரண்டு முறை வாந்தி எடுத்தார். பேட்டரிக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

என்னைத் திட்டலாம். உங்கள் ஆபீஸில் ஏசி எதற்காக ஓடுகிறது என்று கீழே கமென்டில் எழுதிவிட்டுத் திட்டுங்கள்.