கம்பாலாப் படம்

எங்கள் பக்கத்தில் சுவரில் மாட்டும் படம் என்றால் இரண்டு வகைதான். ஒன்று சாமி, இன்னொன்று செத்துப்போனவர்கள். இரண்டிலும் சேராத படம் எங்கள் வீட்டில் மட்டும் இருந்தது. அதனால் வந்த அவமானத்தை இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

அப்பாவை நாங்கள் அய்யா என்றும், அம்மாவை ஆத்தா என்றும் கூப்பிடுவோம். மதுரைக்கு மேற்கே மானாவாரி நிலத்தை நம்பியிருந்த குடும்பம். மழை பெய்யாத ஒரு வருஷம் அய்யா பட்டாளத்தில் சேர்ந்தார். லாரி ஓட்டச் சொல்லிக்கொடுத்து, கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். யுத்தம் முடிந்து அவர் திரும்பியபோது எனக்கு ஒன்பது வயது. ஒரு தகரப் பெட்டியும், சாக்கில் சுற்றிய அந்தப் படமும் கூடவே வந்தன.

பலகையில் எண்ணெய் வர்ணத்தால் எழுதிய படம். ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்து வாழைக்காய் உரித்துக்கொண்டிருப்பாள். சாமி படங்களைப் போல முகம் வழவழப்பாக இருக்காது. வர்ணத்தை அப்பி வைத்திருந்தது. தடவினால் வரப்பு வரப்பாகக் கையில் தட்டும். கறுத்த கன்னத்தில் நீலமும் பச்சையும்கூட இருந்தன. கிட்டே போனால் வெறும் பூச்சு. எட்டி நின்றால், கூப்பிட்டால் நிமிர்ந்துவிடுவாள் போலிருக்கும்.

ஆப்பிரிக்காவில் கம்பாலா என்ற ஊரில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் படம் எழுதச் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் இருந்ததாம். வெள்ளைக்காரர்களின் படங்களைப் பார்த்து எழுதாமல், அவர்கள் தங்கள் சனங்களையே எழுதினார்களாம். அங்கே படித்த ஒருவன் தன் அக்காளை எழுதி அய்யாவிடம் கொடுத்தானாம்.

அய்யா அதிகம் பேசமாட்டார். அந்தப் படத்தைப் பற்றி என்றால் மட்டும் பேசுவார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"பய நல்லாத்தான் எழுதிருக்கான். சிரிச்சா கன்னத்துல ஒரு பக்கம் மட்டும் குழி விழும். அத விட்டுப்புட்டான்."

ஆத்தா அகப்பையோடு திரும்பிப் படத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "இன்னுங் கொஞ்சம் போடவா?" என்றாள்.

அய்யா திரும்பட்டும் என்று காத்திருந்ததில் என் அக்காவுக்குக் கல்யாண வயது தாண்டிப்போயிருந்தது. அந்தச் சமயத்தில் திருமங்கலம் பக்கமிருந்து நல்ல இடம் ஒன்று வந்தது. கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள். இதுவும் தட்டிப்போனால் இரண்டாம் தாரமாகத்தான் கொடுக்க வேண்டிவரும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அவர்கள் பெண் பார்க்க வரும் நாளன்று காலையில் ஆத்தா வீட்டை மெழுகி, சாமி படங்களுக்குப் பொட்டு வைத்தாள். கடைசியில் இந்தப் படத்தின் முன்னே வந்து நின்றாள். குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, அந்தப் பெண்ணின் நெற்றியிலும் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். எங்கள் பக்கத்தில் வெறும் நெற்றி என்றால் புருஷன் போனவள். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று வைக்கிறாள்போல என நினைத்துக்கொண்டேன். அய்யா அப்போது வாசலில் வேலிப்படலைச் சரி செய்துகொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அத்தையும் தாய்மாமனும் இன்னும் சிலரும் வந்தார்கள். அக்காவைப் பிடித்துவிட்டது என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. அப்போதுதான் அந்த அத்தையின் கண் சுவருக்குப் போனது.

"இது யாரு மதினி, பொட்டு வச்சிருக்கீக?"

அய்யா முந்திக்கொண்டார். "அது சும்மா படம் தாயி. ஆப்பிரிக்காவுல எழுதுனது."

"சும்மா படத்துக்கு யாராச்சும் பொட்டு வப்பாகளா?"

தாய்மாமன் மீசையைத் தடவினார். "மச்சான் சண்டைக்குப் போனாரா, குடும்பம் நடத்தப் போனாரான்னு தெரியலையே."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "கேட்டு வச்சுக்கிட்டா நல்லதுல்ல. அந்தப் பொம்பள இருக்கா, செத்துப்போச்சா? நாளைக்குப் புள்ள குட்டியோட வந்து நின்னா நாங்க என்ன சொல்ல?"

அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று அய்யா ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதவுக்குப் பின்னால் நின்று அதற்காகக் கும்பிட்டேன். அவரோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில், "சொல்லி அனுப்புறோம்" என்று அவர்கள் எழுந்துவிட்டார்கள். வெற்றிலைத் தட்டை யாரும் தொடவில்லை.

வண்டி போனதும் அய்யா மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக்கொண்டு படத்தை இறக்கினார். ஆத்தா குறுக்கே வந்து நின்றாள்.

"அத அழிக்காதீக."

"எதுக்கு வச்ச? ஒன்ன யாரு வைக்கச் சொன்னா?"

"அவ புருசன் உசுரோடத்தான இருக்காக. அப்பொறம் எதுக்கு வெறும் நெத்தியா விடணும்?"

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அய்யா துணியைக் கீழே போட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் காட்டுப் பக்கம் நடந்தார். ஆத்தாவே படத்தை எடுத்து மறுபடியும் மாட்டினாள்.

திருமங்கலத்திலிருந்து ஆள் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, "டேய், ஒங்க கம்பாலாச் சின்னாத்தா சவுக்கியமா?" என்பார்கள். நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றதற்கு எங்கள் வீட்டில் வேறு காரணம் சொல்வார்கள். எனக்கு அய்யா மேல் வருத்தம் இல்லை. ஆத்தாவை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது. படத்துக்கும் மனுஷிக்கும் வித்தியாசம் தெரியாமல் அக்கா கல்யாணத்தைக் கெடுத்தாளே என்று அவளோடு தெருவில் சேர்ந்து நடக்கவும் கூசினேன்.

ஒரு நாள் அக்கா பருத்தி பிரித்துக்கொண்டிருந்தபோது அடக்க முடியாமல் கேட்டேன்.

"ஆத்தா மதுரையத் தாண்டிப் போனதே இல்ல. ஆப்பிரிக்காவுல இருக்குற பொம்பளைக்குப் புருசன் உசுரோட இருக்காருன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா பருத்தியைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தாள்.

"போடா, போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றாள்.

பாவம், அவளுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனேன்.