கடுநீலம் கேட்ட ஐரிஸ் அக்கா

ஐரிஸ் அக்கா நேர்ஸாக இருந்தவர். பெரிய டொக்டர்மாரையே கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பியவர் என்று கொழும்புத்துறையில் இன்றைக்கும் சொல்வார்கள். இப்போது கண் நரம்பு பழுது. நிழலாட்டமாய்த்தான் தெரியும். வீட்டில் தனிய.

கனடாவில் இருக்கிற மகள் ஜெயனிக்கு அதுதான் பயம். படுக்கையறையிலிருந்து பாத்றூமுக்குத் தனியப் போய்வர முடியாவிட்டால் முதியோர் இல்லம்தான் என்று சொல்லிவிட்டாள். அறை வெளிச்சமாய் இருந்தால் தாய்க்கு வழி தெரியும் என்று, சுவருக்குக் கிறீம் நிறம் அடிக்கப் பெயின்ற் வேலை செய்கிற என்னைப் பிடித்ததும் அவள்தான்.

அக்கா கேட்டது கடுநீலம். பாத்றூம் கதவு வெள்ளை. அதற்கு இடப்பக்கம் கிறீமும் வலப்பக்கம் நீலமும் கொஞ்சம் அடித்துக் காட்டினேன். கட்டிலில் இருந்தபடியே பார்த்தார். கிறீம் பக்கம் கதவும் சுவரும் ஒன்றாய்க் கரைந்து போகிறதாம். நீலப் பக்கம் கதவின் ஓரம் வெட்டினமாதிரித் தெரிகிறதாம்.

ஜெயனி வீடியோவில் வந்தாள். ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு நான் கிறீம் பக்கம் நின்றேன். அக்கா மெல்ல எழும்பி நீலத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். இரண்டையும் காட்டினேன்.

"உதையே அடியுங்கோ" என்றாள் ஜெயனி. வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள்.

"கேட்டனியோ தம்பி? எனக்குப் பக்கத்திலை இருக்கிறதுதானே உது. நீலத்தைக் கரை."

சொல்கிறவருக்குக் கிட்ட இருந்தால் இது, எட்ட இருந்தால் அது, கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருந்தால் உது. ஜெயனி சொன்னதைக் கேட்டது நானா, அக்காவா? அதைக் கோட்டில் நின்று வாதாட நான் என்ன அப்புக்காத்தோ? நாலு சுவரும் நீலம் அடித்தேன்.

அடுத்த முறை வீடியோவில் பார்த்த ஜெயனி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, நான் சொன்னது உங்களுக்குப் பக்கத்திலை இருந்த கிறீமை. உது குகைமாதிரிக் கிடக்கு."

அக்கா கட்டிலை விட்டு எழும்பினார். சுவரைத் தடவவில்லை. நேரே நடந்தார். கை கதவுப் பிடியில் போய் நின்றது. ரெலிபோனோடு நானும் பின்னால் போனேன்.

"இல்லத்தைப் பற்றி இனிக் கதைக்க மாட்டன் அம்மா" என்றாள் ஜெயனி.

"நல்லது பிள்ளை. தம்பி, ரெலிபோனை அங்காலை கொண்டு போ. நான் உள்ளுக்குப் போகவேணும்."

கதவு சாத்தப்பட்டது.